மரக்கால் யார் கையில்?

"நல்ல வரைபடமாகப் பார்த்துப் பொறுக்கிக்கொள். வழி தப்பாது, நேரம் மிச்சமாகும், வருமானம் தானே பெருகும்." டெலிவரி வண்டி ஓட்டுகிற தொழிலாளிக்கும், ஆட்டோ, வேன், கால்டாக்ஸி ஓட்டுகிற தொழிலாளிக்கும் இன்று நாலு திசையிலிருந்தும் வருகிற உபதேசம் இது. இந்தச் செயலி நல்லதா, அந்தச் செயலி நல்லதா என்று பட்டிமன்றமே நடக்கிறது. வழிகாட்டும் கருவியைத் தேர்ந்தெடுக்கத் தெரியாததுதான் தொழிலாளியின் கஷ்டத்துக்கெல்லாம் காரணம் என்பதுபோல் பேசுகிறார்கள்.

இந்த உபதேசத்தில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நாம் மறுக்கவில்லை. மறைக்கப்படுகிற மறு பாதியைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

ஆலையில் தறி ஓட்டுகிறவருக்கும் வயலில் நாற்று நடுகிறவருக்கும் இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் முதுகில் பெட்டியைச் சுமந்துகொண்டு பறக்கிறானே, அவன் யார்? மூடிப்போன ஆலைத் தொழிலாளியின் மகன். வருஷத்தில் பாதி நாள் வேலை கிடைக்காத கிராமத்து விவசாயத் தொழிலாளியின் மகன். இப்படிப்பட்ட வேலைகளில் 2020-21-ல் நாடு முழுவதும் 77 லட்சம் பேர் இருந்ததாகவும், 2029-30-ல் அது 2 கோடியே 35 லட்சமாகும் என்றும் நிதி ஆயோக் 2022-ல் வெளியிட்ட அறிக்கை கணக்குச் சொன்னது. இது நம் வீட்டுப் பிரச்னை.

வானத்தில் இருப்பதும் தரையில் இருப்பதும்

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க ராணுவம் தன் தேவைக்காகக் கட்டிய ஏற்பாடு. 1978-ல் முதல் செயற்கைக்கோளை ஏவினார்கள். தரைக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இந்தக் கோள்கள் ஒவ்வொன்றும் ஒரு துல்லியமான கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஓயாமல் மணி சொல்லிக்கொண்டிருக்கின்றன. நான்கு கோள்களின் குரலாவது காதில் விழுந்தால், போன் தான் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்குக் கிடைத்த சைகையை வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கடிவாளம் வாஷிங்டனில் இருந்ததால்தான் ரஷ்யாவும் ஐரோப்பாவும் சீனாவும் தத்தம் கோள்களை ஏவின. நம் நாடும் 2013 முதல் நாவிக் கோள்களை ஏவிவருகிறது. சிலவற்றில் கடிகாரங்கள் பழுதாயின. 2025 ஜனவரியில் ஏவிய கோள் உரிய பாதையை எட்டவில்லை.

ஆனால் வானத்திலிருந்து கிடைப்பது ஒரு புள்ளி மட்டும்தான். தெரு, சந்து, ஒருவழிப் பாதை, நெரிசல் எல்லாம் தரையிலிருந்து சேர்க்கப்படுபவை. பாண்டி பஜாரில் நெரிசல் என்று வரைபடம் சிவப்புக் கோடு காட்டுகிறதே, அது எப்படித் தெரிந்தது? அந்தச் சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கிற போன்கள் சொல்லித் தெரிந்தது. அவற்றில் டெலிவரித் தொழிலாளியின் போனும் ஒன்று. பன்னிரண்டு மணி நேரம் தெருத் தெருவாகச் சுற்றுகிற அவரும் அந்த வரைபடத்தை வரைகிறார். அந்த வேலைக்கு மட்டும் அவருக்குக் கூலி கிடையாது.

அந்த வரைபடத்தின் விலை என்ன? கூகுள் வரைபடத்துக்கு ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் கட்டிவந்ததாகவும் அதை நிறுத்திவிட்டதாகவும் 2024 ஜூலையில் ஓலா கம்பெனியின் தலைவர் சொன்னார். அதே மாதம் கூகுள் இந்தியாவுக்கான விலையை ஆகஸ்ட் 1 முதல் 70 சதம் வரை குறைப்பதாக அறிவித்தது. போட்டி வந்தவுடன் 70 சதம் வரை குறைக்க முடிகிற விலையில், அதற்கு முன் எவ்வளவு லாபம் ஒளிந்திருந்திருக்கும்? நம் ஓட்டத்தைச் சேர்த்துக் கட்டிய சரக்கை இரண்டு கம்பெனிகள் பேரம் பேசிக்கொள்கின்றன.

வரைபடம் வெறும் விஞ்ஞானம், அதில் வர்க்கம் எங்கே வந்தது என்பார்கள். இதே சென்னையைக் கேளுங்கள். 1802 ஏப்ரல் 10-ந் தேதி, அடையாற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள பரங்கிமலை அருகே லாம்டன் என்ற அதிகாரி அளவுச் சங்கிலியைப் போட்டு ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளக்க ஆரம்பித்தார். இந்தியா முழுவதையும் அளந்த பெரிய சர்வே அங்கேதான் தொடங்கியது. கணக்கு சுத்தமான கணக்குதான். ஆனால் திப்பு 1799-ல் வீழ்ந்த மூன்றாம் வருஷம் கிழக்கிந்தியக் கம்பெனி காசு செலவழித்து நாட்டை அளந்தது குடியானவனுக்கு வழிகாட்டவா? படை நடத்தவும் வரி தண்டவும், பிடித்த நாட்டை ஆளவும்தான். ஆகவே வரைபடம் சரியா தப்பா என்பதோடு, அது யார் கையில் என்பதையும் சேர்த்துக் கேட்பது நம் வழக்கமாக இருக்க வேண்டும்.

உபதேசத்தில் உள்ள பாதி உண்மை

கருவியைத் தெரிந்து எடுப்பது நல்லதுதான். வண்டி ஓட்டும் தோழர்களுக்கு அதையும் சொல்லிவிடுகிறோம். கூகுள் வரைபடத்தில் இருசக்கர வண்டிக்கென்று தனி முறை 2017 டிசம்பரில் இந்தியாவில்தான் முதலில் வந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர் கார் முறையை வைத்துக்கொண்டு சுற்றக் கூடாது. 1995-ல் டில்லியில் தொடங்கிய மேப்மைஇந்தியா கம்பெனியின் மேப்பிள்ஸ் என்று ஒன்று உண்டு. உலகெங்கும் சாதாரண ஜனங்கள் 2004 முதல் கூடி வரைந்துவரும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்று ஒன்று உண்டு. இதை யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். போனில் இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலே வேலை செய்யும். 2015 வெள்ளத்தில் சென்னையில் எந்தெந்தத் தெரு மூழ்கியது என்று ஜனங்களே குறித்தது இந்த வரைபடத்தின் மேல்தான். வேனும் லாரியும் ஓட்டுகிறவர்கள் சாதாரண வரைபடத்தை நம்பிச் சுரங்கப்பாதையில் நுழையக் கூடாது. சரக்கின் உயரமும், பெரிய வண்டி நுழையத் தடை உள்ள நேரமும் அதற்குத் தெரியாது. 2020 அக்டோபர் முதல் உள்ள மோட்டார் வாகன விதிப்படி வழி பார்ப்பதற்கு மட்டுமே போனைப் பயன்படுத்தலாம், அதுவும் கவனம் சிதறாதபடி. ஆகவே போனைத் தாங்கியில் மாட்டிவிட்டுக் குரலைக் கேட்டு ஓட்டுங்கள்.

எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 2024 நவம்பர் 24-ந் தேதி உத்தரப் பிரதேசத்தில் பரேலி பக்கம், வரைபடம் காட்டிய வழியில் போன கார் ராமகங்கை ஆற்றுப் பாலத்தின் அறுந்த முனையிலிருந்து விழுந்து மூன்று பேர் மாண்டார்கள். பாலம் அறுந்து கிடந்தது வரைபடத்துக்குத் தெரியவில்லை. சாலையை மறித்து வைக்க வேண்டிய அதிகாரிகளும் மறித்து வைக்கவில்லை.

இவ்வளவும் செய்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இருப்பதிலேயே சிறந்த கருவியைத் தொழிலாளி பொறுக்கி எடுத்துவிட்டார். கூலி உயர்ந்துவிடுமா?

இரண்டு மரக்கால்

தஞ்சாவூர் ஜில்லாத் தோழர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. குத்தகை நெல்லை வாங்கும்போது பண்ணையார் வீட்டிலிருந்து ஒரு மரக்கால் வரும். கூலி நெல்லைப் போடும்போது வேறொரு மரக்கால் வரும். பெயர் இரண்டுக்கும் மரக்கால்தான். வாங்குகிற மரக்கால் பெரிது, போடுகிற மரக்கால் சிறிது. எத்தனை மரக்கால் கூலி என்பது மட்டுமல்ல, எந்த மரக்காலில் அளப்பது என்பதும் போராட்டமாக இருந்தது. முத்திரை குத்திய மரக்காலில் அள என்று பண்ணையாட்கள் கேட்டார்கள். அளவு சின்ன விஷயமல்ல. அரைப்படி நெல் கூடக் கேட்டு நடந்த போராட்டத்தில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டன.

டெலிவரித் தொழிலாளியிடமும் இரண்டு மரக்கால் இருக்கின்றன. ஒன்று அவர் வழி பார்க்கிற வரைபடம். அதைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் அவருக்கு உண்டு. மற்றொன்று கம்பெனியின் செயலிக்குள் உட்கார்ந்திருக்கிற வரைபடம். தூரம் எவ்வளவு, எத்தனை நிமிஷத்தில் போய்ச் சேர வேண்டும், அதற்குக் கூலி எவ்வளவு என்று தீர்மானிப்பது இது. இதைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது, திறந்து பார்க்கவும் முடியாது. நாடெங்கும் முதல் வரைபடத்தைப் பற்றி உபதேசம் பண்ணுகிறார்கள். கூலி அளப்பதோ இரண்டாவது வரைபடம்!

தென்சென்னையிலேயே பாருங்கள். பட்டினப்பாக்கத்திலிருந்து பெசன்ட் நகர் கடற்கரைக்கு நேர்கோடு போட்டால் அதிக தூரம் வராது. நடுவில் அடையாறு கடலில் சேருகிறது. அங்கே இருந்த பாலம் 1977-ல் உடைந்ததோடு சரி, இன்றும் அதற்கு உடைந்த பாலம் என்றே பெயர். வண்டிக்காரர் சாந்தோம் பக்கம் திரும்பி, திரு.வி.க. பாலத்தைத் தாண்டி, அடையாற்றைச் சுற்றி அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு தூரம் ஓட்ட வேண்டும். நேர்கோட்டில் அளந்தால் மிச்சத் தூரத்துக்குப் பெட்ரோல் யார் போடுவது?

சாலை வழியேதான் அளக்கிறோம் என்று சொன்னாலும் கேள்வி தீரவில்லை. எந்த நாளின் சாலை? மழை பெய்தால் மாம்பலத்தில் துரைசாமி சுரங்கப்பாதையிலும் மேட்லி சுரங்கப்பாதையிலும் தண்ணீர் நிற்கும். ரயில் பாதைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போக கோடம்பாக்கம் பாலத்துக்கோ சைதாப்பேட்டைக்கோ சுற்ற வேண்டும். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக லஸ் முனையிலும் மந்தைவெளியிலும் அடையாறு எல்.பி. ரோட்டிலும் பாதைகளை மாற்றி மாற்றி விட்டார்கள். பங்குனியில் அறுபத்து மூவர் வந்தால் மயிலாப்பூர் மாட வீதிகளில் சைக்கிள்கூட நுழையாது.

சாலை முடிந்த பிறகும் வேலை முடிவதில்லை. ரங்கநாதன் தெருவில் வண்டி போகாது. உஸ்மான் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஜனக்கடலில் நடந்தே போய்ச் சரக்கை எடுக்க வேண்டும். பெசன்ட் நகரிலும் ஒரு முதல் அவென்யூ, இந்திரா நகரிலும் ஒரு முதல் அவென்யூ, சாஸ்திரி நகரிலும் ஒரு முதல் அவென்யூ. பழைய நம்பர், புதிய நம்பர் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு கதவு எண். வானத்துக் கோள் நாலாவது மாடியையும் தரைத் தளத்தையும் பிரித்துச் சொல்லாது. தேடுவது, நடப்பது, படி ஏறுவது, ஓட்டல் வாசலில் காத்து நிற்பது, இவ்வளவும் உழைப்பு. கம்பெனியின் மரக்காலில் இவற்றில் எது விழுகிறது, எது சிந்துகிறது என்று தொழிலாளிக்குத் தெரியாது.

2020 ஆகஸ்டில் சென்னையில் ஸ்விக்கி தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு ஆர்டருக்கு 35 ரூபாய் என்றிருந்ததை 15 ரூபாயாக்கிவிட்டார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அப்படியல்ல என்று கம்பெனி மறுத்தது. தொழிலாளி ஒரு கணக்குச் சொல்கிறார், கம்பெனி வேறு கணக்குச் சொல்கிறது. எது மெய் என்று பார்க்க வெளியே யாரிடமும் கணக்குப் புத்தகம் இல்லை. நாம் சொல்லும் கோளாறு இதுதான்.

அவர்கள் சொல்லும் சமாதானங்கள்

"அவர்கள் தொழிலாளிகள் அல்ல, எங்கள் பங்காளிகள்" என்கிறார்கள். நம் ஊரில் பங்காளி என்றால் வரப்பில் பங்கு உண்டு, கிணற்றில் முறை உண்டு, பாகப் பத்திரத்தைப் படித்துப் பார்க்கும் உரிமை உண்டு. இந்தப் பங்காளிக்கு என்ன உண்டு? வண்டி அவருடையது, பெட்ரோல் அவருடையது, போன் அவருடையது, விபத்தும் அவருடையது. கணக்கு மட்டும் கம்பெனியுடையது!

"ஓடியதைத் தொழிலாளி சொல்லிக் கூலி கேட்டால் பொய் சொல்லுவார்" என்கிறார்கள். இருக்கட்டும். அதனால்தான் இரு தரப்புக்கும் பொதுவான அளவு வேண்டும் என்கிறோம். காய்கறிக் கடைக்காரரின் தராசுக்கு முத்திரை உண்டு. பெட்ரோல் பங்குக்கு முத்திரை உண்டு. ஆட்டோ மீட்டருக்கு முத்திரை உண்டு. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் இருக்கிறது, பார்வையிட இன்ஸ்பெக்டர்கள் இருக்கிறார்கள். கால் கிலோ கத்தரிக்காயை அளக்கும் தராசைச் சோதிக்கிற நாட்டில், லட்சக்கணக்கான குடும்பங்களின் கூலியை அளக்கும் வரைபடத்தைச் சோதிக்க யாரும் இல்லை. இது என்ன நியாயம்?

"அது எங்கள் தொழில் ரகசியம்" என்கிறார்கள். நிலக்கரி முதலாளிகளும் ஒரு காலத்தில் இப்படித்தான் பேசினார்கள். இங்கிலாந்தில் சுரங்கத் தொழிலாளிக்குக் கரியின் எடைக்குக் கூலி. எடை போடுவது முதலாளியின் ஆள். எடையில் அடித்தார்கள், கல் கலந்திருக்கிறது என்று தொட்டியையே கழித்தார்கள். தொழிலாளர்கள் விடாமல் போராடி, தராசுக்குப் பக்கத்தில் தங்கள் சொந்த ஆளை நிறுத்தும் உரிமையை 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வாங்கினார்கள். 1887-ல் அந்த உரிமை இன்னும் பலமாயிற்று. அந்த ஆளுக்குச் சம்பளம் தொழிலாளர்களே போட்டுக் கொடுத்தார்கள். சுரங்கம் மூழ்கிவிடவில்லை. எடையில் அடிக்கும் கைதான் கட்டப்பட்டது.

இன்றும் உலகில் இது நடக்கிறது. ஸ்பெயினில் 2021-ல் வந்த சட்டப்படி, வேலையையும் கூலியையும் தீர்மானிக்கிற கணக்கு முறை எதை வைத்து முடிவு செய்கிறது என்று கம்பெனி தொழிலாளர் பிரதிநிதிகளிடம் சொல்லியாக வேண்டும். ஆம்ஸ்டர்டாம் மேல் கோர்ட்டு 2023 ஏப்ரலில், ஓட்டுநர்கள் பற்றிய தகவல்களை அவர்களுக்குக் காட்டும்படி ஊபருக்கும் ஓலாவுக்கும் உத்தரவிட்டது. பக்கத்துக் கர்நாடகத்தில் 2025-ல் வந்த சட்டம், இயந்திரம் எப்படிக் கண்காணிக்கிறது, எப்படி முடிவெடுக்கிறது என்பதைத் தொழிலாளிக்குத் தெரிவிக்கச் சொல்கிறது.

சர்க்கார் செய்ததும் செய்யாததும்

தமிழ்நாட்டில் 2023-ல் இந்தத் தொழிலாளர்களுக்கு நலவாரியம் அமைத்தார்கள். நல்லது. 2025-ல் அண்ணா நகரில் குளிர்சாதன வசதியோடு ஓய்வறை திறந்தார்கள். அதுவும் நல்லது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த மத்திய சர்க்காரின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, கம்பெனிகள் தங்கள் விற்றுமுதலில் 1 முதல் 2 சதம் நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. ஆனால் கூலியை அளக்கிற வரைபடத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டிக் களைத்தவனுக்கு நிழல் கொடுத்தவர்கள், அவன் ஓட்டிய தூரத்துக்குக் கணக்குக் கொடுக்க முன்வரவில்லை.

ஆட்டோ தொழிலாளர்களின் கதை நமக்குப் பாடம். 2013 ஆகஸ்டில் தமிழக சர்க்கார் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், மேற்கொண்டு கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று கட்டணம் நிர்ணயித்தது. ஜி.பி.எஸ். பொருத்திய, ரசீது அச்சடிக்கும் மீட்டரைச் சென்னை ஆட்டோக்களுக்கு இலவசமாகக் கொடுப்போம் என்றும் அறிவித்தது. அந்த மீட்டர் வரவில்லை. கட்டணமும் திருத்தப்படாமல் கிடந்தது. வருஷங்கள் கடந்து, 2025 பிப்ரவரி 1 முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், மேற்கொண்டு கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று சங்கங்கள் தாங்களே அறிவிக்கும் நிலை வந்தது. சர்க்கார் முத்திரையோடு ஒரு பொது மீட்டர் வந்திருக்க வேண்டிய இடத்தில் கம்பெனிகள் தங்கள் சொந்த மீட்டரை வைத்துவிட்டன. காலியாக விட்ட களத்தில் கள்ள மரக்கால் வந்து உட்கார்ந்துகொண்டது.

பட்டணத்தோடு இது நிற்கவில்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தலங்களிலும் போன் வழியாகத்தான் வருகைப் பதிவு என்றார்கள். நாளுக்கு இரண்டு முறை, இடக்குறிப்போடு படம் ஏற வேண்டும். டவர் எடுக்காத ஊரில், படம் ஏறாத நாளில், மண் வெட்டிய தாய்மார்களின் உழைப்பு பதிவாகாமல் போயிற்று. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டு வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். பெசன்ட் நகரில் தூரத்தை அளக்கிற வானத்துப் புள்ளிதான் ஏரிக்கரையில் வருகையை அளந்தது. நாளை ஆலை வாசலிலும் அது வந்து நிற்கும்.

நாம் கேட்பது என்ன?

கருவி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தறியை உடைப்பது நம் வேலையல்ல. நாம் கேட்பவை எளியவை.

முதலாவது: ஒவ்வொரு ஆர்டருக்கும் கம்பெனி அளந்த தூரம், நேரம், கூலி மூன்றும் எப்படிக் கணக்கிடப்பட்டன என்று தொழிலாளிக்கு அன்றன்றே ரசீது வேண்டும்.

இரண்டாவது: வண்டி உண்மையில் ஓடிய தூரத்துக்குக் கூலி வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்கும், சரக்கு எடுக்க வெறும் வண்டியாகப் போகும் தூரத்துக்கும் கூலி வேண்டும்.

மூன்றாவது: கூலி அளக்கும் வரைபடத்தை எடையளவுச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்து சோதித்து முத்திரையிட வேண்டும். மழை நாளிலும் பாதை மாற்றிய நாளிலும் கணக்கைத் திருத்த வேண்டும்.

நான்காவது: கரிச் சுரங்கத் தராசருகே நின்றதுபோல், இந்தக் கணக்கருகே தொழிலாளர் தேர்ந்தெடுத்த ஆள் நிற்க வேண்டும். நலவாரியத்துக்கு அந்த அதிகாரத்தைச் சட்டமாகவே கொடுக்க வேண்டும்.

ஐந்தாவது: வரைபடம் சொன்ன நிமிஷத்தில் வரவில்லை என்பதற்காக அபராதமோ, வேலை மறுப்போ, கணக்கு முடக்கமோ கூடாது.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. டெலிவரித் தோழர்கள் இன்றே ஒரு காரியம் செய்யலாம். ஆர்டர் ஆரம்பத்திலும் முடிவிலும் வண்டியின் கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனி காட்டிய தூரத்தை அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஒருவர் எழுதினால் அது சிட்டை. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் நூறு பேர் ஒரு மாதம் எழுதி ஓரிடத்தில் சேர்த்தால் அது சாட்சியம். சங்கத்தில் வைத்துக் கூட்டுங்கள். நலவாரியத்தின் மேஜையில் கொண்டுபோய்ப் போடுங்கள்.

ஆலைத் தோழர்களும் கிராமத்துத் தோழர்களும் பட்டணத்தில் வண்டி ஓட்டும் பிள்ளைகளிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். மீட்டரைப் பார்த்துக் கூலி வாங்கிய அனுபவம் உங்களுக்கு உண்டு. மரக்காலைத் தட்டிக் கேட்ட அனுபவம் உங்களுக்கு உண்டு. எந்த வரைபடம் நல்லது என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். கூலியை அளக்கும் வரைபடத்தைக் காட்டு என்று எல்லோரும் சேர்ந்து கேட்போம்.